மத்தியான பாசஞ்சர ராம்நாட்டோட நிறுத்தப் போறாங்களாமே, உண்மையா?

மண்டபம்_லேப்காரன்

ரெண்டு மூணு நாளா எங்க ஊரு வாட்ஸப் குரூப்புல ஒரு ஆடியோ சுத்திக்கிட்டு இருக்கு. மதுரைல இருந்து மத்தியானம் கிளம்புற ராமேஸ்வரம் பாசஞ்சர் இனிமே ராமநாதபுரத்தோட நின்னுரும், அங்கிட்டு வராது, ஆளு ஏறமாட்டேங்குதுன்னு கணக்கு எடுத்துட்டாகன்னு ஒருத்தர் பேசுறாரு. யாரு எவருன்னு தெரியல. பேச்சக் கேட்டா உள்ளுக்குள்ள வேல பாக்குறவரு மாதிரி தான் இருக்கு, ஆனா இந்தக் காலத்துல அத வச்செல்லாம் எதையும் நம்ப முடியாது, அதான் இங்க கேக்குறேன்.

எனக்கு ஏன் இம்புட்டு பதட்டம்னா நான் ராம்நாட்டுல ஒரு லேப்ல காலை ஷிஃப்ட். வெறும் வயித்துல ரத்தம் குடுக்க வர்றவங்க ஏழு மணிக்கே படிக்கட்டுல உக்காந்துருப்பாங்க, சுகர் இருக்கற ஆள ஒன்பது மணி வரைக்கும் டீத்தண்ணி கூட இல்லாம உக்கார வைக்க முடியாதுல்ல. விடியக்காலைல ராமேஸ்வரத்துல இருந்து வர்ற மதுரை பாசஞ்சர மண்டபத்துல புடிச்சா கரெக்டா போய் எறங்கிருவேன். ரெண்டு மணி வாக்குல வேல முடியும், திரும்ப வர்றதுக்கு இந்த மத்தியான வண்டி தான். பஸ்ல வரக்கூடாதுன்னு இல்ல, ஆனா சீசன் பாஸுக்கு ஒரு மாசத்துக்கு குடுக்குற காசு பஸ்ஸுக்கு ஒரு வாரத்துக்கே காணாது, அதுலயும் லீவு நாள்னா மண்டபத்துல எறங்குறவன ராமேஸ்வரம் பஸ்ல ஏத்தவே யோசிப்பாங்க.

ஆள் இல்லன்னு சொல்றது எந்தக் கணக்குன்னு எனக்குப் புரியவே இல்ல. ராம்நாட்டுல வித்துட்டு திரும்புற பாம்பன் அக்காக்கள் காலி கூடைய சீட்டுக்கு அடில தள்ளிட்டு, முந்தானைல சில்லறைய எண்ணி முடிச்சு போட்டுட்டு, கதவுகிட்ட காத்து வாங்கிட்டு உக்காந்துருப்பாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துட்டு ஸ்கேன் கவர மடில வச்சிட்டு வர்ற வயசானவங்க. உச்சிப்புளில எறங்குற காலேஜ் பிள்ளைக. ஜேஜேன்னு இருக்காது, உண்மை தான். ஆனா சும்மா ஓடுற வண்டியும் கிடையாது.

யாருக்காச்சும் உறுதியா தெரிஞ்சா சொல்லுங்க. நிஜம்னா யாருகிட்ட போய் சொல்றதுன்னும் சொல்லுங்க.

பழைய_பாயிண்ட்ஸ்மேன்

தம்பி, மொதல்ல அந்த ஆடியோவ அடுத்தவனுக்கு அனுப்புறத நிறுத்துங்க, பாதி பயம் அதுலயே போயிரும்.

இதுல ரெண்டு சங்கதி இருக்கு, ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறாக. ஒன்னு பகுதி ரத்து. தண்டவாளம் மாத்தணும், பாலத்த பாக்கணும், சிக்னல் வேலை இருக்கு, அப்ப அந்தப் பாதைல வண்டி போகாம கொஞ்ச நேரம் லைன் பிளாக் எடுப்பாக. மானாமதுரைக்கு இங்கிட்டு ராமேஸ்வரம் வரைக்கும் நமக்கு ஒத்த லைன். ஒத்த லைன்ல தொடர்ந்தாப்ல ரெண்டு மூணு மணி நேரம் வேணும்னா எப்ப கிடைக்கும்? விடிஞ்சா வண்டி வரத்து, சாயங்காலம் ஆனா சேது, போட் மெயிலுன்னு சென்னை வண்டிக கிளம்ப ஆரம்பிச்சிரும். மிச்சம் இருக்கறது மத்தியானம் தான். அதுனால எந்த வேலை வந்தாலும் மொத அடி மத்தியான பாசஞ்சருக்குத் தான் விழும். அது வண்டிய எடுக்கறது கிடையாது. மதுரை ரயில்வே கோட்டத்துல இருந்து பத்திரிக்கை செய்தி வரும், இந்தத் தேதில இருந்து இந்தத் தேதி வரைக்கும்னு இருக்கும். முடியிற தேதி போட்டுருந்தா வண்டி திரும்ப வரும், பயப்படாதீக. முடியிற தேதி இல்லாம "மறு அறிவிப்பு வரும் வரை"ன்னு வந்துச்சுன்னா அப்ப முழிச்சுக்கணும்.

ரயில்வேயோட என்.டி.ஈ.எஸ் ஆப்புல வண்டி நம்பர போட்டா அன்னைக்கு எதுவரைக்கும் ஓடுதுன்னு காட்டும். இல்லாட்டி 139க்கு போன போடுங்க. வாட்ஸப்ப கேக்காதீக.

ரெண்டாவது சங்கதி, வண்டிய அடியோட எடுக்கறது. சர்வீஸ்ல இருந்தவன்கிற முறைல சொல்றேன், ஒரே நாள்ல எந்த வண்டியையும் தூக்கமாட்டாக. மொதல்ல நேரம் மாறும். அர மணி நேரம் முன்னாடி தள்ளுவாக, வேல விட்டு வர்றவனுக்கு எட்டாது. இல்ல பின்னாடி தள்ளுவாக, அதுக்குள்ள அவன் பஸ் ஏறிருவான். அப்புறம் எக்ஸ்பிரஸுக்கு வழி விடுறேன்னு கிராசிங்ல நாப்பது நிமிஷம் போட்டு வைப்பாக. அப்புறம் ரெண்டு பெட்டி குறையும். ஆளு குறைஞ்ச பிறகு தான் எண்ணுறதுக்கு வருவாக. பிள்ளைக்கு சோறு குறைச்சுட்டு இளைச்சுப் போயிட்டான்னு எடை போட்டு பாக்குற கதை. ஆக நீங்க முழிச்சுக்கிட்டு இருக்க வேண்டியது புது டைம்டேபிள் வர்றப்ப. நிறுத்தப் போறாகன்னு சேதி வர்ற நேரத்துல ஓடுனா அதுக்கு மின்னாடியே எல்லாம் முடிஞ்சிருக்கும்.

பாம்பன்_கூடை

பாயிண்ட்ஸ்மேன் அண்ணே சொன்னது அப்புடியே எங்க வீட்டுக்கு நடந்துச்சு, நடுவுல ஒன்னு விட்டுட்டாரு, அதான் பாம்பன் ரயில் பாலம்.

2022 டிசம்பர் 23ஆம் தேதி பழைய பாலத்துல கப்பலுக்கு வழி விட தூக்குற பாகத்துல அதிர்வு காட்டுதுன்னு வண்டிய நிறுத்துனாங்க. நாங்க என்ன நெனச்சோம், ஒரு பத்து நாள், ஒரு மாசம். 1914ல இருந்து நிக்குற பாலம், எத்தன தடவ ரிப்பேர் பாத்துருக்காங்க, இதையும் பாத்துருவாங்கன்னு. அப்புறம் பாத்தா பழசு இனி அவ்வளவு தான், புதுசு முடியட்டும்னு ஆயிப்போச்சு. புதுப் பாலம் தொறந்தது 2025 ஏப்ரல் 6. கூட்டிப் பாத்தீங்கன்னா ரெண்டேகால் வருசத்துக்கு மேல ராமேஸ்வரம் தீவுக்கு ரயிலே கிடையாது. வண்டிக சிலது ராம்நாட்டோட, சிலது மண்டபத்தோட. மண்டபம் உங்களுக்கு இந்தக் கரை, எங்களுக்கு நடுவுல கடலு.

எங்க அம்மா கருவாடும் மீனும் யாவாரம். ரயில்ல கூடைய ஏத்துனா யாரும் ஒரு வார்த்தை கேக்கமாட்டாங்க, கதவு ஓரமா வச்சிட்டு உக்காந்துரும். பஸ்ல அப்புடி இல்ல. தண்ணி சொட்டுது, நாத்தம் அடிக்குது, லக்கேஜ் போடு, பின்னாடி வர்ற பஸ்ல வான்னு ஆயிரம் சொல்லுவாங்க. ஐஸ் உருகி வர்ற தண்ணிக்கு அடில பிளாஸ்டிக் சாக்கு மடிச்சு போட்டு, அது மேல பழைய வேட்டிய விரிச்சு, அது மேல கூடைய வச்சு, அம்மா என்னெல்லாமோ பண்ணி பாத்துச்சு. கடைசில அந்தப் பொம்பளைங்க நாலஞ்சு பேரு சேந்து ஒரு ஷேர் ஆட்டோ பேசிக்கிட்டாங்க. காசு கூட தான், ஆனா வீட்டு வாசல்ல வந்து நிக்கும், ராம்நாட்டுல மார்க்கெட்டு வாசல்ல எறக்கி விடும்.

இப்ப பாலம் வந்துருச்சு, வண்டி வருது. அந்த அஞ்சு பேருல ரெண்டு பேரு தான் ரயிலுக்குத் திரும்புனாங்க. மத்தவங்க ஆட்டோக்காரன்கிட்ட பழகிட்டாங்க, அவனும் நல்லவன், கடன் சொன்னாலும் ஏத்திக்கிறான். அம்மா ரயில்ல தான் வருது. ஏன்னா அதுக்கு கால் வலி, ஆட்டோல மடக்கி உக்கார முடியல. வேற காரணம் எல்லாம் இல்ல.

இப்ப எண்ணிப் பாத்து ஆளு குறைவுன்னு சொன்னா, குறைவு தான், யாரு இல்லன்னா. 500 கோடிக்கு மேல கொட்டி, 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒத்த துண்டா மேல தூக்குற மாதிரி பாலம் கட்டத் தெரிஞ்சவங்களுக்கு, ரெண்டு வருசம் வண்டி இல்லாம இருந்த ஊர்ல ஆளு திரும்பி வர கொஞ்சம் நாளாகும்னு தெரியாமயா இருக்கும்.

ராம்நாடு_ரைடர்

எல்லாரும் அழுவாச்சி பதிவா போடுறீங்க, கொஞ்சம் கசப்பா ஒன்னு சொல்லிக்கிறேன் கோவிச்சுக்காதீங்க.

மத்தியான வண்டில நானும் வந்துருக்கேன். வளந்தரவை தாண்டுனா ஒரு பெட்டிக்கு பத்து பேரு இருந்தா பெருசு, அதுல ஒரு ஆளு சீட்டு முழுக்க படுத்து தூங்கிட்டு வருவாரு. டிக்கெட் எத்தன பேரு எடுத்துருக்காங்கன்னு கேட்டா சண்டைக்கு வருவாங்க. பயணச் செலவுல சராசரியா 57 சதவீதம் தான் திரும்ப வருதுன்னு ரயில்வே டிக்கெட்லயே அச்சடிச்சு குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? பத்து ரூவா டிக்கெட்டுல அதுவும் வராது. மிச்சத்த எவன் குடுக்கறது?

அப்புறம் ராம்நாட்டுல ஸ்டேஷன்ல எறங்கி கலெக்டர் ஆபீஸ் போகணும்னா பட்டணம்காத்தான், அதுக்கு ஒரு ஆட்டோ. பஸ்ஸுன்னா நேரா அங்கயே நிக்கும். உச்சிப்புளி பக்கம் பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ல டிக்கெட்டே கிடையாது, 2021ல இருந்து ஃப்ரீ. காசே இல்லாத பஸ்ஸு வீட்டுப் பக்கம் வர்றப்ப எதுக்கு ஸ்டேஷனுக்கு ஒன்றரை கிலோமீட்டர் வெயில்ல நடக்கணும்? மக்கள் விவரமா தான் மாறிருக்காங்க. மத்தியான வண்டிக்கு பதிலா காலைல எட்டரை ஒன்பதுக்கு ராம்நாடு வந்து சேர்ற மாதிரி ராமேஸ்வரத்துல இருந்து ஒரு வண்டி கேளுங்க, ஆபீஸ் போறவன் பூரா ஏறுவான். அதுக்கு நானே முன்னாடி நின்னு கையெழுத்து வாங்கித் தர்றேன்.

மண்டபம்_லேப்காரன்

ரைடர் அண்ணே கோவம்லாம் இல்ல. எட்டரை வண்டி நல்ல யோசனை தான், ஆனா இருக்கறத குடுத்துட்டு அத கேட்டா ரெண்டும் போகும்னு தான் பயம். அப்புறம் அந்தப் பத்து ரூவா கதை. கொரோனாவுக்கு 2020 மார்ச்ல நிறுத்துன பாசஞ்சர திரும்ப விட்டப்ப ஸ்பெஷல்னு பேரு வச்சு கம்மி டிக்கெட்டே 30 ரூவா ஆக்கிட்டாங்க, 2024 பிப்ரவரில தான் பழையபடி 10 ஆச்சு. உச்சிப்புளில இருந்து ராம்நாட்டுக்கு 30 ரூவா குடுத்து எவன் ஏறுவான்? பஸ்ஸுக்கு போனவன் போனவன் தான். மூணு மடங்கு கேட்டதும் அவங்க, பாலத்த மூடுனதும் அவங்க, ஆளு வரலன்னு சொல்றதும் அவங்க.

பரமக்குடி_டூ_சான்ஹோசே

ஊரு பரமக்குடி, இப்ப வேலை கலிஃபோர்னியாவுல. நம்ம ஊரு வண்டிக்கும் இங்க உள்ளதுக்கும் சம்மந்தம் இல்லன்னு தோணும், இருந்தாலும் சொல்றேன், ரைடர் சொன்ன அதே பேச்ச இங்க கேட்டுருக்கேன்.

சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேக்கும் நடுவுல கால்ட்ரெயின்னு ஒரு வண்டி. ஆபீஸ் போறவங்க வண்டி தான். 2011ல கையில காசு இல்லன்னு சொல்லி வார நாள்ல ஓடுற 86 வண்டிய 48 ஆக்கிருவோம், சில ஸ்டேஷன மூடிருவோம், சனி ஞாயிறு வண்டி கிடையாதுன்னு ஒரு திட்டத்த எடுத்துட்டு வந்தாங்க. காரணம் என்னன்னா அந்த வண்டிக்குன்னு தனியா வரிப்பணம் எதுவும் கிடையாது, மூணு கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) நிர்வாகமும் அவங்கவங்க பஸ்ஸுக்குப் போக மிச்சத்த தான் இதுக்குப் போடுவாங்க, பஸ்ஸுக்கே பத்தலன்னா இதுக்கு கை விரிச்சிருவாங்க. அந்த வருஷம் அங்க இங்க பொறட்டி ஒட்டுப் போட்டு பெரிய வெட்டு இல்லாம தப்பிச்சாங்க. அப்புறம் கொரோனா வந்து ஆளே ஏறல. 2020 நவம்பர்ல மூணு கவுண்டிலயும் ஓட்டெடுப்பு வச்சாங்க, கடைல ஒரு டாலருக்கு பொருள் வாங்குனா ஒரு சென்ட்டுல எட்டுல ஒரு பங்கு இந்த வண்டிக்குப் போகட்டுமான்னு. மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். வண்டி காலியா ஓடிட்டு இருந்த வருசத்துல அம்புட்டு ஓட்டு விழுந்துச்சு. அதுல அந்த வண்டில ஏறாத ஆளுங்களும் உண்டு, ரோட்டுல கார் குறைஞ்சா போதும்னு போட்டவங்க. 2024 செப்டம்பர்ல இருந்து கரண்ட்டு வண்டி ஓடுது, ஆளும் ஏற ஆரம்பிச்சிருக்கு. காசுப் பிரச்சன தீரல, இன்னும் இழுத்துக்கிட்டு தான் இருக்கு.

நம்மூர்ல அப்புடி ஓட்டெல்லாம் வைக்க முடியாது, ரயில்வே பூரா டெல்லி கணக்கு, தனி ரயில்வே பட்ஜெட்டே 2017ல பொது பட்ஜெட்டோட சேத்துட்டாங்க. ஆனா இங்க 2011ல கால்ட்ரெயினுக்கு நடந்த கூட்டத்துல பேசுனவங்கள்ல நான் கவனிச்சது ஒன்னு இருக்கு. "எங்களுக்கு கஷ்டம்"னு பேசுனத எழுதிக்கிட்டு அடுத்த ஆள கூப்பிட்டாங்க. "இந்த வண்டிய எடுத்தா இந்த ஸ்டேஷன்ல இத்தன மணில இருந்து இத்தன மணி வரைக்கும் வண்டியே இல்ல, அதுல வர்றவங்க இன்னார்"னு பேசுனவங்ககிட்ட தான் திருப்பிக் கேள்வி கேட்டாங்க. தம்பி எழுதுறப்ப அப்புடி எழுதுங்க.

சத்திரக்குடி_டீச்சர்

டிக்கெட் விஷயத்த யாரும் தொடமாட்டேங்கிறீங்க, ரைடர் தம்பி தான் தொட்டாரு, அதுக்காக அவர திட்டாதீங்க.

எங்க ஊரு, சூடியூரு, வளந்தரவை மாதிரி சின்ன ஸ்டேஷன்ல என்ன நடக்குதுன்னு கேளுங்க. வண்டி வர்ற நேரத்துக்கு ஓடி வந்து ஏறுவாங்க, ராம்நாட்டுல எறங்கி பின்பக்கமா போயிருவாங்க. டிக்கெட் எடுக்கற நல்லவங்களும் பரமக்குடில இருந்து திரும்பறப்ப போக வர சேத்து அங்கயே எடுத்துக்கிறாங்க, கேட்டா கவுண்டர்ல சில்லறை இருக்குன்றாங்க. அப்ப கணக்குல நம்ம ஊரு எங்க வரும்? பரமக்குடி பேருல தான் ஏறும், நம்ம ஸ்டேஷன்ல ஏறுன ஆளு பூஜ்யம். ஹால்ட்னு சொல்ற இந்த மாதிரி சின்ன ஸ்டேஷன்ல டிக்கெட் குடுக்குறவருக்கு மாசச் சம்பளம் கிடையாது, வித்த டிக்கெட்டுக்கு கமிஷன் தான், அதுவும் இல்லன்னா அவரும் கடைய சாத்திட்டு போயிருவாரு. 2020ல பழசப் பாக்காம மொதல்ல இருந்து புதுசா போடுற ஜீரோ பேஸ்டு டைம்டேபிள்னு ஒன்னு போட்டப்ப ஆளு ஏறாத ஸ்டாப்பிங்க எடுக்கறதுன்னு பேச்சு வந்துச்சே, அத எல்லாம் இந்த டிக்கெட் கணக்க வச்சு தான் முடிவு பண்ணுவாங்க. நீங்க கதவுல தொங்கிட்டு வந்தது எவனுக்குத் தெரியும்.

போன்ல ரயில்வேயோட டிக்கெட் ஆப்புல எடுக்கலாம். பிளாட்ஃபாரத்துல வந்து நின்னுக்கிட்டு எடுத்தா எடுக்காது, ஜி.பி.எஸ் பாத்து தள்ளிவிட்டுரும், வீட்டுல கிளம்புறப்பவே எடுத்துருங்க. இல்லாட்டி ஸ்டேஷன்ல ஒட்டிருக்கற க்யூ.ஆர ஸ்கேன் பண்ணி எடுக்கணும். ஏறுற ஸ்டேஷன சரியா போடுங்க, அது தான் முக்கியம்.

இன்னொன்னு, எங்க ஸ்கூல் பிள்ளைங்களுக்கே தெரியாம இருந்துச்சு. பொம்பளப் பிள்ளைக்கு டிகிரி முடிக்கிற வரைக்கும், பையனுக்கு பிளஸ் டூ வரைக்கும், வீட்டுக்கும் படிக்கிற இடத்துக்கும் நடுவுல செகண்ட் கிளாஸ் சீசன் இலவசம். ஸ்கூல்ல இருந்து சர்டிஃபிகேட் வாங்கிட்டு போனா ஸ்டேஷன்ல போட்டுத் தருவாங்க. காசு வரலன்னாலும் இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவுல ஒரு பிள்ளை தினமும் போயிட்டு வருதுன்னு ரெக்கார்டு இருக்கும்ல. நாங்க அத போட ஆரம்பிச்ச பிறகு பிள்ளைங்க வேற டீசண்டா டி.டி.இ முன்னாடி நிக்குதுங்க, அதுவரைக்கும் பாத்ரூம் பக்கம் ஓடும்ங்க.

சீசன் வச்சிருக்கவங்க கவனம், சேது எக்ஸ்பிரஸ் சூப்பர்ஃபாஸ்ட், சாதா சீசன வச்சிக்கிட்டு அதுல ஏறாதீங்க, சூப்பர்ஃபாஸ்ட்டுக்கு தனியா சேத்துக் கட்டிருக்கணும். பாசஞ்சர் இல்லன்னா எக்ஸ்பிரஸ்ல வந்துக்கலாமேன்னு சொல்றவங்களுக்கும் இது தான் பதில். இருக்கற முன்பதிவில்லா பெட்டியும் ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு நம்ம ஆளுங்க ஏற முடியாத மாதிரி தான் இருக்கும், வடக்க இருந்து வர்றவங்க மூட்டை முடிச்சோட கதவ அடைச்சுக்கிட்டு படுத்துருப்பாங்க, பாவம் அவங்களும் மூணு நாள் பயணம் பண்ணி வர்றவங்க.

கீழக்கரை_மச்சான்

உங்க கஷ்டம் புரியுது, ஆனா ஏர்வாடி, கீழக்கரை, சாயல்குடின்னு இந்தப் பக்கம் கடலோரம் பூரா தண்டவாளத்தையே பாக்காத ஊருங்க. ராமநாதபுரத்துல இருந்து தூத்துக்குடிக்கு கடலோரமா லைன்னு எங்க வாப்பா காலத்துல இருந்து பேசிட்டு இருக்காங்க. நீங்க வண்டி போயிருமேன்னு பயப்படுறீங்க, எங்களுக்கு அந்தப் பயமே இல்ல பாருங்க 😄 கையெழுத்து வேணும்னா சொல்லுங்க, கடைல பேப்பர வச்சா ஊரே போடும்.

பழைய_பாயிண்ட்ஸ்மேன்

மச்சான் சிரிப்பா சொன்னாலும் சரியா தான் சொல்றாரு. வண்டி வாரத விட, போன வண்டி திரும்ப வாரது கஷ்டம். அகலம் கம்மியான மீட்டர்கேஜ் லைன் இருந்தப்ப பாலக்காட்டுல இருந்து பொள்ளாச்சி, பழனி வழியா ராமேஸ்வரத்துக்கு வண்டி வந்துச்சு. லைன அகலப்படுத்தறோம்னு நிறுத்துனாக. லைன் அகலமாயி வருசம் ஆச்சு, பழனி, பொள்ளாச்சி ஆளுக இன்னும் அந்த வண்டிய கேட்டுக்கிட்டே இருக்காக.

தனுஷ்கோடிய பாருங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் வண்டியே ஆளுகளோட கடலுக்குள்ள போச்சு. அதே புயல்ல பாம்பன் பாலமும் அடி வாங்கிச்சு. பாலத்த 46 நாள்ல நிமித்திட்டாக, ஸ்ரீதரன் அப்ப சின்ன வயசு எஞ்சினியரு, அவரு தான் நின்னு செஞ்சது. தனுஷ்கோடி லைன விட்டுட்டாக. 2019ல திரும்பப் போடப் போறோம்னு அடிக்கல்லு நாட்டுனாக, அதோட சரி. பாலம் வேணும்னு மேல இருக்கறவுகளுக்கு தோணுச்சு, 46 நாள்ல ஆச்சு. தனுஷ்கோடில கேக்குறதுக்கு ஊரே மிஞ்சல.

உங்களுக்கு ஊரு இருக்கு தம்பி, அதுனால எழுதுங்க. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு குடுக்கப் போயி ஒரு நாள் சம்பளத்த விடாதீக, ரயில்வே மத்திய அரசு, அவுக வாங்கி மேல அனுப்புவாக, அம்புட்டு தான். எம்.பி.க்கு ஒன்னு, மதுரை கோட்ட மேலாளருக்கு ஒன்னு, தபால்ல ஒப்புதல் அட்டையோட. அதுக்கு மின்னாடி ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமை மனு போடுங்க, ஆன்லைன்ல பத்து ரூவா. "ஏன் நிறுத்துறீங்க"ன்னு கேக்காதீக, ஏன்னு கேட்டா பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லன்னு எழுதிருவாக. இந்த வண்டிக்கு மண்டபம், உச்சிப்புளி, பாம்பன் ஸ்டேஷன்ல மாசாமாசம் எத்தன டிக்கெட்டு, எத்தன சீசன் வித்துருக்கு, வண்டிய நிறுத்தவோ நேரம் மாத்தவோ ஏதாச்சும் முன்மொழிவு கோப்புல இருக்கா, இருந்தா நகல் குடுங்கன்னு கேளுங்க. அப்புடி முன்மொழிவே இல்லன்னு பதில் வந்துச்சுன்னா அந்தக் கடுதாசிய உங்க குரூப்புல போடுங்க, ஆடியோக்காரன் வாய மூடிருவான்.

பாம்பன்_கூடை

லேப்காரன் பிரதர், கோட்டத்து அறிவிப்பு பக்கத்த இப்ப தான் பாத்தேன், நம்ம வண்டிய பத்தி ஒன்னும் இல்ல. ஆனா ஆர்.டி.ஐ. போட்டு வைக்கறது நல்லது தான். எனக்கு எழுத வராது, நீங்க எழுதுனா பாம்பன் பக்கம் கையெழுத்து நான் வாங்கித் தர்றேன். அம்மாகிட்ட சொன்னேன், அது கூட வர்ற பொம்பளைங்ககிட்ட சொல்லிருச்சு, அதுல ஒரு அக்கா ரேகை வச்சா செல்லுமான்னு கேக்குது.

மண்டபம்_லேப்காரன்

ரேகை தாராளமா செல்லும், பக்கத்துல பேர எழுதி சாட்சிக்கு ஒருத்தர் கையெழுத்து போட்டா போதும். எம்.பி. மனு தான் அதெல்லாம், ஆர்.டி.ஐ. என் பேருலயே போட்டுர்றேன்.

சான்ஹோசே அண்ணே சொன்ன மாதிரி எழுதிட்டு இருக்கேன். காலை வண்டில ராம்நாட்டுக்குப் போனவன் மத்தியான வண்டிய விட்டா ராத்திரி எட்டு மணி வாக்குல ராம்நாட்டுக்கு வர்ற பாசஞ்சர் தான், நடுவுல சீசன் காரன் ஏறுற மாதிரி வேற வண்டி இல்ல, இத தான் மொத வரியா வச்சிருக்கேன். டீச்சரம்மா, உங்க ஸ்கூல்ல எத்தன பிள்ளைங்க இலவச சீசன்ல வர்றாங்கன்னு மட்டும் சொன்னா சேத்துக்கறேன், பேரெல்லாம் வேணாம். ரைடர் அண்ணே, உங்க எட்டரை வண்டிய ரெண்டாவது கோரிக்கையா போட்டுருக்கேன், இப்ப கையெழுத்து போடுவீங்கல்ல?

ராம்நாடு_ரைடர்

போடுறேன் போடுறேன். எட்டரைன்னு போடாத, எட்டே காலுக்கு வந்து சேர்ற மாதிரி போடு, ஸ்டேஷன்ல இருந்து பட்டணம்காத்தான் போக டயம் வேணும்ல.